இழுவைப்படகு ஹோகா

தேர்த் திருவிழாவில் ஆயிரம் பேர் வடம் பிடிக்க, மலையொன்று அசைந்து வருவது போலத் தேர் வரும். காண்போர் கண்கள் யாவும் தேரின் உச்சியிலே நிலைத்து நிற்கும். ஆனால், தெருமுனையிலே தேர் திரும்ப வேண்டிய வேளை வந்ததும், அதன் போக்கு முழுவதும் சக்கரத்தின் அருகே குனிந்து நிற்கும் சிலர் கைக்கு வந்துவிடுகிறது. அவர்கள் கையில் உள்ளவை மரத்தாலான முட்டுக்கட்டைகளே. அவற்றைத் தக்க நேரத்தில், தக்க இடத்தில் இட்டு, அவர்கள் தேரை நிறுத்துகின்றனர், திருப்புகின்றனர். அவர்கள் கை சற்றே தவறினும் தேர் வீட்டுச் சுவரில் மோதிவிடும். எனினும், தேரைக் கண்டு தொழுவோர் பலர். முட்டுக்கட்டை இட்டவர் யார் என்று கேட்போர் மிகச் சிலர்.

துறைமுகத்திலே இத்தகைய பணியைச் செய்வது இழுவைப்படகு. கடற்கரையில் நின்று கப்பலைக் காண்போர் அதன் நீளத்தையும் உயரத்தையும் கண்டு வியப்பர். அதன் பக்கத்திலே குட்டையான உருவத்தோடு புகை கக்கிக்கொண்டு நிற்கும் சிறு படகு அவர்கள் கண்ணிற் படுவதில்லை. ஆயினும், அச்சிறு படகு இல்லையேல் பெருங்கப்பல்கள் பல துறைமுகத்தினுள் நுழைதலும் இயலாது; நுழைந்தபின் வெளியேறுதலும் இயலாது.

பரந்த கடலிலே எவர் துணையுமின்றிச் செல்லும் கப்பலுக்குத் துறைமுகத்தில் மட்டும் துணை வேண்டுவது ஏன்? கப்பலைத் திருப்புவது சுக்கான். சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மேல் பாயும் நீர். கப்பல் விரைந்து செல்லும்போது நீர் விசையோடு பாய்கிறது. கப்பலும் சுக்கானுக்கு அடங்கி நடக்கிறது. துறைமுகத்தினுள் கப்பல் மெல்லச் செல்லவேண்டும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமையும் குறைகிறது. அந்த நேரத்தில் காற்று ஒருபுறம் தள்ளும். நீரோட்டம் மற்றொரு புறம் இழுக்கும். மாட்டு வண்டியையோ மோட்டார் வண்டியையோ நிறுத்துவது போலக் கப்பலை உடனே நிறுத்திவிடவும் முடியாது. பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் நத்தை வேகத்தில் நகர்ந்து வந்து மோதினாலும், கல்லால் கட்டிய துறைமேடையும் நொறுங்கிவிடும். ஆதலின், முன்னிருந்து இழுக்கவும், பக்கத்திலிருந்து தள்ளவும், வேண்டும்போது தடுத்து நிறுத்தவும் கப்பலுக்கு வெளியிலிருந்து ஒரு துணை வேண்டும். அத்துணையே இழுவைப்படகு.

இழுவைப்படகின் அமைப்பு அதன் தொழிலுக்கு ஏற்றது. அதன் உடலிற் பெரும்பகுதியை எந்திரமே அடைத்துக்கொண்டிருக்கும். சிறிய உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய எந்திரம்! அதன் சுழலியும் பெரியது. பெருங்கப்பலின் பக்கத்தில் முட்டித் தள்ளும்போது இரண்டுக்கும் ஊறு நேராதபடி, அதன் மூக்கில் தடித்த கயிறுகளாலான மெத்தை கட்டப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து காண்போர்க்கு அது தாடி வளர்ந்த முதியவரின் முகம் போலத் தோன்றும். மேல்தளத்திலே வடக்கயிற்றைக் கட்டுவதற்கு உறுதியான இரும்புத் தறிகள் உண்டு. இழுவைப்படகுகள் பலவற்றில் நீரை வாரி இறைக்கும் தீயணைப்புக் குழாய்களும் உண்டு. துறைமுகத்திலே கப்பல் தீப்பற்றினால், நீர்வழியே சென்று அதனை முதலில் அணுகக்கூடியது இழுவைப்படகே ஆகும்.

பாய்மரக் காலத்தில், காற்றில்லாத வேளைகளில் மாலுமிகள் சிறு படகுகளில் ஏறித் துடுப்பு வலித்துத் தம் கப்பலைத் துறைக்குள் இழுத்து வந்தனர். நீராவி எந்திரம் தோன்றிய பின்னர் இந்நிலை மாறியது. வில்லியம் சைமிங்டன் என்பார் அமைத்த 'சார்லட் டண்டாஸ்' என்னும் நீராவிப் படகு, 1803 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுக் கால்வாய் ஒன்றில், ஒவ்வொன்றும் 70 டன் எடையுள்ள இரண்டு படகுகளைக் கடுமையான எதிர்காற்றிலே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு இழுத்துச் சென்றது. படகு எழுப்பும் அலைகளால் கால்வாயின் கரைகள் கரைந்துவிடும் என்று அதன் உரிமையாளர்கள் அஞ்சியமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஆயினும், நீராவியின் துணைகொண்டு கலங்களை இழுக்க இயலும் என்னும் உண்மையை உலகம் அன்றே உணர்ந்துகொண்டது. பின்வந்த காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களெல்லாம் இழுவைப்படகுகளைப் பெற்றன.

அவ்வாறு தோன்றிய எண்ணற்ற படகுகளுள் ஒன்று ஹோகா. அது கட்டப்பெற்ற இடம் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள மாரிஸ் ஹைட்ஸ். 1940 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதன் அடிமரம் இடப்பெற்றது. அவ்வாண்டின் இறுதி நாளாகிய டிசம்பர் 31 ஆம் நாள் அது நீரில் இறக்கப்பெற்றது. 1941 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் நாள் கடற்படைப் பணியை மேற்கொண்டது. 'ஹோகா' என்பது வட அமெரிக்கப் பழங்குடி மக்களாகிய சூ இனத்தார் மொழியில் மீன் என்று பொருள்படும் சொல். அமெரிக்கக் கடற்படையார் தம் துறைமுக இழுவைப்படகுகளுக்குப் பழங்குடி மக்களின் சொற்களைப் பெயராக இடுவது வழக்கம்.

ஹோகாவின் நீளம் 100 அடி. அகலம் 25 அடி. எடை ஏறத்தாழ 325 டன். அதனுள் இருந்த டீசல் எந்திரங்கள் சுழலியை நேரே சுழற்றவில்லை. அவை மின்சாரத்தை உண்டாக்கின. அம்மின்சாரத்தால் இயங்கிய மோட்டாரே சுழலியைச் சுழற்றியது. இம்முறையினால் படகை மிக மெதுவாகவும் செலுத்தலாம். முன்னோக்கிச் செல்லும் படகை விரைவில் பின்னோக்கியும் செலுத்தலாம். பெருங்கப்பலின் பக்கத்திலே நின்று ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாக உழைக்கும் படகுக்கு இவ்வசதி இன்றியமையாதது. இவற்றோடு, தீயணைக்கும் விசைக் குழாய்களும் ஹோகாவில் பொருத்தப்பட்டிருந்தன.

புதிய படகு பனாமாக் கால்வாயின் வழியே பசிபிக் கடலை அடைந்து, அங்கிருந்து ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய ஓவாகூவுக்குச் சென்றது. அத்தீவிலே பேர்ல் துறைமுகம் உள்ளது. முத்துத்துறை என்பது அப்பெயரின் பொருள். நிலத்தினுள்ளே கிளைகிளையாகப் பிரிந்து செல்லும் அந்நீர்நிலைக்குக் கடலிலிருந்து நுழைவாயில் ஒன்றே, அதுவும் குறுகியது. நடுவே ஃபோர்டு தீவு என்னும் சிறு தீவு இருக்கிறது. அதன் ஓரத்திலே அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்பது வழக்கம். எதிர்க்கரையில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையும், உலர்துறைகளும், 1010 அடி நீளமுடையதாதலின் 'டென் டென்' என்று வழங்கப்பட்ட துறைமேடையும் இருந்தன. அப்பட்டறையின் ஏவல் படகுகளுள் ஒன்றாக ஹோகா அமர்த்தப்பட்டது.

அதன் அன்றாடப் பணி எத்தகையது? காலையில் ஒரு கப்பலை உலர்துறையின் வாயிலுக்குக் கொண்டு செல்லவேண்டும். நண்பகலில் மற்றொன்றை அங்கிருந்து வெளியே இழுக்கவேண்டும். எண்ணெய்ப் படகுகளையும் சரக்குப் படகுகளையும் இடம் மாற்றவேண்டும். கடலிலிருந்து வரும் போர்க்கப்பலை எதிர்கொண்டு, அதன் தோளிலே தன் தலையை வைத்து முட்டி, வரிசையில் நிறுத்தவேண்டும். இழு, தள்ளு, விடு, மீண்டும் இழு — இவையே ஒவ்வொரு நாளும் அப்படகினர் கேட்ட கட்டளைகள். அதில் இருந்தோர் ஏறத்தாழப் பத்துப் பேர். அவர்களின் தலைவர் ஜோ மெக்மானஸ் என்பவர். அவர் உயர்தர அதிகாரி அல்லர். கயிறும் நங்கூரமும் கையாண்டு பழகிய மாலுமிகளின் வரிசையிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர். போர்க்கப்பலில் பீரங்கியின் பக்கத்தில் நின்றோர் புகழைக் கனவு காணலாம். இழுவைப்படகினர் அவ்வாறு கனவு காண்பதற்கு இடமே இல்லை.

1941 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவிலே இரண்டாம் உலகப் போர் மூண்டு இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அமெரிக்கா அதுவரை நேரே போரில் இறங்கவில்லை. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பகைமை முற்றியிருந்தது. எனினும் பேச்சுகள் நடந்துகொண்டிருந்தன. காலை 7.55 மணி அளவில், ஜப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஆறிலிருந்து புறப்பட்ட விமானங்கள் பேர்ல் துறைமுகத்தின்மீது பாய்ந்தன. முதல் அணியில் வந்தவை மட்டும் 183 விமானங்கள். சில நிமிடங்களில் டார்ப்பீடோ என்னும் நீர்க்குண்டுகள் போர்க்கப்பல்களின் வயிற்றைப் பிளந்தன. எட்டு மணி கழிந்து சிறிது நேரத்தில், அரிசோனா என்னும் போர்க்கப்பலின் வெடிமருந்து அறையை ஒரு குண்டு தாக்கியது. கப்பல் இடிபோல் வெடித்தது. அதிலிருந்தோருள் 1177 பேர் மாண்டனர். எண்ணெய் நீரின்மேல் பரவி எரிந்தது.

ஹோகா துறைமேடையின் அருகே நின்றுகொண்டிருந்தது. தாக்குதல் தொடங்கிய பத்து நிமிடங்களுக்குள் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டது. துறைமுகம் முழுவதும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளை அது. ஹோகாவில் விமானங்களை எதிர்க்கும் பீரங்கி இல்லை. பகைவரைத் தாக்குவது அதன் தொழிலும் அன்று. அதன் கையில் இருந்தவை கயிறும் நீர்க்குழாயுமே. அவற்றைக்கொண்டு என்ன செய்யலாகுமோ அதனைச் செய்யவே அது சென்றது. நீரில் தத்தளித்த மாலுமிகள் இருவரை முதலில் மீட்டது. பின்னர் நெருப்பு வளையத்தை நோக்கி விரைந்தது.

எரிந்துகொண்டிருந்த அரிசோனாவின் பக்கத்திலே, அதனோடு கயிற்றாற் பிணைக்கப்பட்டு வெஸ்டல் என்னும் பழுதுபார்க்கும் கப்பல் நின்றிருந்தது. அதன்மீதும் இரண்டு குண்டுகள் விழுந்திருந்தன. அரிசோனா வெடித்த வேகத்தில் வெஸ்டலின் தலைவர் காசின் யங் நீரில் தூக்கி எறியப்பட்டார். எண்ணெய் படர்ந்த நீரில் நீந்தி அவர் தம் கப்பலுக்கே திரும்பினார். கப்பலைக் கைவிட முனைந்திருந்த மாலுமிகளைத் தடுத்து, அதனைக் காப்பாற்றுமாறு பணித்தார். பிணைத்திருந்த கயிறுகளை வெட்டினர். ஆனால், கப்பலைத் திருப்பச் சுக்கான் உதவவில்லை. நெருப்போ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இழுவைப்படகிலிருந்து ஒரு கயிறு வந்து விழுந்தது. அதனைப் பற்றிக் கட்டியதும், படகு வெஸ்டலின் முன்புறத்தை நெருப்பினின்று வெளியே இழுத்தது. வெஸ்டல் உயிர் பிழைத்தது. பிற்காலத்தில், போரிலே சிதைந்த கப்பல்கள் பலவற்றைச் செப்பனிட்டுக் கடலுக்குத் திருப்பி அனுப்பிய கப்பல் அதுவே என்பதை எண்ணும்போது, அன்று விழுந்த கயிற்றின் மதிப்பு விளங்கும்.

'டென் டென்' துறைமேடையில் வேறோர் இடர் நேர்ந்திருந்தது. அங்கே ஹெலெனா என்னும் கப்பலும், அதன் வெளிப்புறத்தில் ஒக்லாலா என்னும் கப்பலும் அடுத்தடுத்து நின்றன. ஒரு டார்ப்பீடோ ஒக்லாலாவின் அடியில் நுழைந்து சென்று ஹெலெனாவைத் தாக்கியது. அதன் அதிர்ச்சியால் ஒக்லாலாவின் பக்கமும் பிளந்தது. ஒக்லாலா சாயத் தொடங்கியது. அது நின்ற இடத்திலேயே கவிழ்ந்தால், ஹெலெனாவை மேடையோடு சேர்த்து நசுக்கிவிடும். மூழ்கும் கப்பலைக் காப்பாற்ற இயலாது. அதனால் மற்றொரு கப்பல் கெடாமல் காப்பாற்ற இயலும். ஹோகாவும் மற்றோர் இழுவைப்படகும் விரைந்து, ஒக்லாலாவை ஹெலெனாவின் பக்கத்திலிருந்து பிரித்து, மேடையின் பிற்பகுதிக்கு நகர்த்தின. பத்து மணி அளவில் ஒக்லாலா கவிழ்ந்தது; ஹெலெனா தப்பியது.

இவ்விரண்டினும் பெரிய சோதனை இனிமேல்தான் வந்தது. வரிசையில் நின்ற போர்க்கப்பல்களுள் நெவாடா ஒன்றே தன் எந்திரங்களை இயக்கி நகரத் தொடங்கியது. ஒரு டார்ப்பீடோவால் முன்னமே தாக்குண்டிருந்த அக்கப்பல், எரியும் அரிசோனாவைக் கடந்து கடலை நோக்கிச் சென்றது. அதனைக் கண்டு, கரையிலும் கப்பல்களிலும் நின்றோர் ஊக்கம் கொண்டனர். ஆனால், இரண்டாம் அணியாக வந்த ஜப்பானிய விமானங்களும் அதனைக் கண்டன. குறுகிய வாயிலிலே அக்கப்பலை மூழ்கடித்தால் துறைமுகம் முழுவதும் அடைபட்டுவிடும் அன்றோ? குண்டுகள் மழைபோல் விழுந்தன. முன்புறம் தீப்பற்றி எரிய, நீர் உட்புக, நெவாடா வெளியேறும் முயற்சியைக் கைவிட்டு, 'மருத்துவமனை முனை' என்னும் இடத்தில் தரைதட்டியது.

தரைதட்டிய பின்னும் இடர் நீங்கவில்லை. கப்பலின் பின்புறத்தை நீரோட்டம் தள்ளத் தொடங்கியது. ஏறத்தாழ 580 அடி நீளமுள்ள அந்தக் கப்பல் குறுக்கே திரும்பி, வாயிலை நோக்கிச் செல்லும் நீர்வழியை அடைத்துவிடும் நிலை ஏற்பட்டது. ஹோகா அங்கே வந்து சேர்ந்தது. நெவாடாவின் எடை ஹோகாவின் எடையைப் போல் எண்பது மடங்குக்கும் மேற்பட்டது. ஹோகா தன் கயிற்று மூக்கைப் பெருங்கப்பலின் பக்கத்தில் ஊன்றியது. ஒருபுறம் தள்ளிக்கொண்டே, மறுபுறம் தன் நீர்க்குழாய்களால் கப்பலின் முன்புறத் தீயின்மேல் நீரைப் பொழிந்தது. பின்னர், வேறு படகுகளின் துணையோடு நெவாடாவை அம்முனையினின்று விடுவித்து, நீர்வழியின் குறுக்கே கொண்டு சென்று, மேற்குக் கரையிலுள்ள வைபியோ முனையில் உறுதியான தரையிலே சேர்த்தது. நீர்வழி திறந்தே இருந்தது. கப்பல்கள் வரவும் போகவும் தடையில்லாமற் போயிற்று.

அங்கும் ஹோகா ஓய்வு கொள்ளவில்லை. போர்க்கப்பல்களின் வரிசைக்குத் திரும்பி, மேரிலாந்து, டென்னஸ்ஸி என்னும் கப்பல்களுக்கு அருகே மூண்ட தீயோடு போராடியது. இறுதியில் அரிசோனாவை அடைந்தது. அக்கப்பலில் எரிந்த எண்ணெய் எளிதில் அணையவில்லை. ஞாயிறு சென்றது, இரவு வந்தது, திங்கள் புலர்ந்தது, மீண்டும் இரவு வந்தது. மாலுமிகளின் முகங்கள் புகையாற் கறுத்தன. அரிசோனாவின் தீயோடு மட்டும் அவர்கள் ஏறத்தாழ 48 மணி நேரம் போராடினர். செவ்வாய்க்கிழமைதான் அவர்களின் நீர்க்குழாய்கள் ஓய்ந்தன.

அன்றைய தாக்குதலில் அமெரிக்கர் 2403 பேர் உயிரிழந்தனர். எட்டுப் பெரும் போர்க்கப்பல்களும் சேதமுற்றன. அத்துணைப் பெரிய துயரத்தின் நடுவே ஒரு சிறு படகின் செயல் மறக்கப்படுவதே இயல்பு. ஆயினும் அஃது அவ்வாறு மறக்கப்படவில்லை. பசிபிக் கடற்படையின் புதிய தலைவராகிய செஸ்டர் நிமிட்ஸ், 1942 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மெக்மானஸுக்கும் அவருடைய படகினருக்கும் பாராட்டுரை வழங்கினார். தம் உயிரைப் பொருட்படுத்தாது, தம் தொழிலைத் திறமையுடன் ஆற்றினர் என்பதே அப்பாராட்டின் கருத்து.

'தம் தொழிலை ஆற்றினர்' என்பது சிந்திக்கத் தக்கது. ஹோகாவின் மாலுமிகள் அன்று புதுமையான செயல் எதனையும் செய்யவில்லை. கயிறு வீசினர், இழுத்தனர், தள்ளினர், தீயை அணைத்தனர். இவை யாவும் அவர்கள் நாள்தோறும் செய்து பழகியவை. கப்பலின் எப்பகுதியில் முட்டினால் அது எத்திசையிலே திரும்பும், கயிறு எவ்வளவு இழுவையைத் தாங்கும், நீரோட்டம் எவ்விடத்தில் வலியது என்பனவற்றை அவர்களுடைய கைகளே அறிந்திருந்தன. பகை விமானங்கள் தலைக்குமேல் பறந்தபோது நின்று எண்ணுவதற்கு நேரம் இல்லை; எண்ண வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எவரும் பாராத சாதாரண நாட்களில் செம்மையாகச் செய்த பணியே, ஆபத்து நாளிலே வீரமாக மலர்ந்தது.

அவர்கள் காத்தவற்றின் பயன் பின்னரே முழுவதும் வெளிப்பட்டது. 1942 ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெவாடா மீண்டும் மிதக்க வைக்கப்பட்டது. செப்பனிடப்பட்ட அக்கப்பல், 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6 ஆம் நாள், நேச நாட்டுப் படைகள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, அவற்றுக்குத் துணையாகத் தன் பீரங்கிகளை முழக்கியது. கவிழ்ந்த ஒக்லாலாவும் நீரினின்று எடுக்கப்பட்டு, பழுதுபார்க்கும் கப்பலாக மாற்றப்பட்டது. சேதமுற்ற எட்டுப் போர்க்கப்பல்களுள் அரிசோனா, ஒக்லஹோமா ஆகிய இரண்டு ஒழிய ஏனைய ஆறும் மீண்டும் பணிக்குத் திரும்பின. ஹோகாவோ போர் முடியும்வரை அத்துறைமுகத்திலேயே இருந்து, தன் பழைய தொழிலைத் தொடர்ந்து செய்தது.

போர் முடிந்தபின் ஹோகாவின் வாழ்க்கை வேறு வழியில் திரும்பியது. கலிபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து துறைமுகத்துக்குத் தீயணைக்கும் படகு ஒன்று தேவைப்பட்டது. 1948 ஆம் ஆண்டில் கடற்படையார் ஹோகாவை அத்துறைமுகத்துக்கு அளித்தனர். அதன் நீர்க்குழாய்களும் விசைகளும் பெருக்கப்பட்டன. பெயரும் மாறியது; பிற்காலத்தில் 'சிட்டி ஆஃப் ஓக்லாந்து' என்னும் பெயரால் அது வழங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலே கப்பல்களிலும் துறைமேடைகளிலும் மூண்ட தீயை அணைத்தது. போர்க்காலத்தில் நெருப்போடு போராடிய படகு, அமைதிக் காலத்திலும் நெருப்போடு போராடவே அமைந்தது பொருத்தமே அன்றோ?

1989 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. 1994 ஆம் ஆண்டில் ஓக்லாந்து நகரத்தார் அதனை அரசிடம் திருப்பி ஒப்படைத்தனர். பின்னர், ஓய்வுபெற்ற கப்பல்கள் நிறுத்தப்படும் சூசன் விரிகுடாவிலே அது பல்லாண்டுகள் அசைவற்று நின்றது. வண்ணம் உதிர்ந்தது, துரு ஏறியது. அங்கே நிற்கும் கலங்களுள் பலவற்றின் முடிவு, துண்டு துண்டாக உடைக்கப்பட்டு இரும்பாக விற்கப்படுதலே. ஹோகாவுக்கு அவ்விதி நேரவில்லை. 2005 ஆம் ஆண்டில், ஆர்க்கன்சா மாநிலத்தின் வடக்கு லிட்டில் ராக் நகரிலுள்ள கப்பற் காட்சியகத்துக்கு அது வழங்கப்பட்டது. அந்நகரமோ கடலினின்று நெடுந்தொலைவில், ஓர் ஆற்றங்கரையில் உள்ளது. பத்து ஆண்டுகள் கழித்து, 2015 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹோகா தன் புதிய இல்லத்தை அடைந்தது.

அங்கே அதன் அருகில் ரேசர்பேக் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. 1945 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2 ஆம் நாள், டோக்கியோ விரிகுடாவிலே ஜப்பான் சரணடையும் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, அங்கு நின்ற கப்பல்களுள் அதுவும் ஒன்று. அமெரிக்கா போரில் இறங்கிய நாளின் நெருப்பைக் கண்டது ஹோகா. அப்போர் முடிந்த நாளின் அமைதியைக் கண்டது ரேசர்பேக். இரண்டும் இன்று ஓர் ஆற்றிலே அடுத்தடுத்து நிற்கின்றன. அன்று பேர்ல் துறைமுகத்தில் இருந்த கலங்களுள் இன்றும் நீரில் மிதந்து நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றாக இருக்கும் பேறு, பெரும் போர்க்கப்பல்களுக்கு வாய்க்காது இச்சிறு படகுக்கு வாய்த்தது. அரிசோனா துறைமுகத்தின் அடியில் துயில்கிறது. நெவாடாவோ போர் முடிந்தபின் சோதனை இலக்காக்கப்பட்டு, 1948 ஆம் ஆண்டில் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

காட்சியகத்துக்கு வருவோர் ஹோகாவைக் கண்டு, 'இத்துணைச் சிறியதா!' என்று வியத்தல் கூடும். வியப்பதற்கு உரியது அதன் சிறுமை அன்று. அச்சிறுமைக்குள் அடங்கியிருந்த ஆயத்தமே வியப்பதற்கு உரியது. பெரும் பணி எந்நாள் வரும் என்பதை எவரும் முன்னறிதல் இயலாது. சிறு பணி நாள்தோறும் வருகிறது. அதனைத் தவறாது, திருத்தமாகச் செய்து வருவோர், பெரும் பணி வரும் நாளிலே கலங்காது நிற்பர். துறைமுகத்தின் மூலையில் கயிற்று மூக்கோடு நின்ற ஹோகாவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே ஆகும்.